களத்தில் ஏறிய ஜீப்

எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் நர்ஸ். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கும் யாராவது சரிவில் காரை நிறுத்திவிட்டு, முன்மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்துத் தலையாட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் கடைசி அது. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஓடு வேய்ந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு வேலை. காரவள்ளியிலிருந்து மலை ஏறுகிற ரோடு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பஸ் இன்னும் மேலே வர ஆரம்பிக்கவில்லை. இறங்க வேண்டுமென்றால் ஒன்று ஒற்றையடிப் பாதையில் கால் கடுக்க நடக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரி ஜீப்பை நம்ப வேண்டும். ஜீப் சனிக்கிழமைதோறும் மருந்து எடுத்துவரச் சேந்தமங்கலம் போகும். அதில் ஏறித்தான் நான் என் மகளைப் பார்க்கப் போவேன்.

மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், எங்கோ வடக்கே. பால் மறந்ததும் குழந்தையைச் சேந்தமங்கலத்தில் என் அக்காவிடம் விட்டிருந்தேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப் தெருவில் திரும்பும்போதே குழந்தை ஓடிவரும். "மலையம்மா வந்தாச்சு, மலையம்மா வந்தாச்சு" என்று என் காலைக் கட்டிக்கொள்ளும். அக்காவைப் பெரியம்மா என்றும் என்னை மலையம்மா என்றும் கூப்பிடப் பழகியிருந்தது. தெருவே அதைக் கேட்டுச் சிரிக்கும். எனக்கும் அதில் பெருமைதான். கையில் எப்போதும் ஒரு பை இருக்கும். மலை வாழைப்பழம், சில வாரம் தேன், பலாக் காலத்தில் நாலு சுளை. வாரம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் நான் ஊசி போட்டேன், புண் கழுவினேன், பிரசவம் பார்த்தேன்.

ஆனால் சனிக்கிழமை வந்தால் ஜீப்புக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வாரம் பிரேக். ஒரு வாரம் ரேடியேட்டர். ஒரு வாரம் கிளம்பிப் பாதி வளைவில் நின்று, நான் பழப்பையோடு கல்லில் உட்கார்ந்து குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

டிரைவர் அடிவாரத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வளைவில் வண்டியைத் திருப்புவதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து வாங்க மாட்டார். ஜீப்புக்கு செல்ஃப் எடுக்காது. ஹாண்டில் போட்டுச் சுற்றினால் அது திருப்பி அடித்துக் கை வீங்கும். அதனால் மலையில் வண்டி வைத்திருந்த எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்வார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் மூக்கு பள்ளத்தைப் பார்க்க, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து நிறுத்துவார். கல்லை எடுத்துவிட்டால் வண்டி தானாக உருளும், உருளும்போது கியரில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி முன்னால் இருந்த சரிவில் அந்த ஜீப் என்றைக்கும் தலை கவிழ்ந்துதான் நின்றது.

அப்படி நின்ற வண்டியில்தான் தினமும் காலையில் எண்ணெய் பார்ப்பார். அதில் குறை சொல்ல முடியாது, ஒரு நாள் தவறமாட்டார். கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் காட்டுவார்.

"புல்லுங்க நர்ஸம்மா. மேல் கோட்டைத் தொட்டுட்டு நிக்குது பாருங்க."

நானும் மாதக்கணக்கில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் வேலையா அது?

தை மாதம் அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோயிலில் குழந்தைக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும் என்று எங்கள் தம்பிக்கும் சொல்லியாகிவிட்டது. நான் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட வேண்டும். "இந்த வாரமும் வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லாத" என்று ஒரு குத்தலும் சேர்த்துத்தான் வந்தது அந்தச் செய்தி.

அந்த வாரம் நடுவில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு வந்த ஜீப், ஏற்றத்தில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். டிரைவரிடம் கேட்டேன். மலை ஏறும்போது எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் கீழே படுத்துக் கிடந்தது. அது சோம்பேறி முள் என்றார்.

மறுநாள் காலையில் ஜீப் நிற்கிற இடத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் பழைய வட்டங்கள். எண்ணெய் தினமும் சொட்டியிருக்கிறது. தினமும் சொட்டுகிற எண்ணெய், தினமும் எப்படி மேல் கோட்டில் நிற்கும்? ரத்தம் போய்க்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு உடம்பில் ரத்தம் குறையவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் விட்டுவிடுவேனா? அன்றைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அவுன்ஸ் கிளாஸ் கையில் கொஞ்சம் சாய்ந்தது. ஒரு பக்கம் மருந்து கோட்டுக்கு மேலே, எதிர்ப்பக்கம் கோட்டுக்குக் கீழே. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஜீப்பில் கம்பி இறங்குகிற இடம் எஞ்சினின் முன்பக்கம். மூக்கு பள்ளத்தில் இருந்தால் இருக்கிற எண்ணெய் எல்லாம் முன்னால் வந்து கம்பியை நனைக்கும். இவர் அதைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் புல், புல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

போய்ச் சொன்னேன். "அண்ணா, வண்டியைச் சமமா நிறுத்திப் பாருங்க."

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் லாரி ஓட்டுன ஆளுங்க. சமமா நிறுத்தோணும்னா இந்த மலைல எடம் எங்கீங்க இருக்குது? நீங்களே காட்டுங்க, நிறுத்தறேன்."

அவர் சொன்னதும் நிஜம். எங்கள் பக்கத்தில் ஒரு ஜீப் நீளத்துக்குச் சமதரை கிடையாது. ரோடு சரிவு, ஆஸ்பத்திரி வாசல் சரிவு, வயல் படிப்படியாகச் சரிவு. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே ஒரு மலை விவசாயியின் களம். கேழ்வரகு அடித்து, தூற்றி, அள்ளி முடித்திருந்தார்கள். சாணி போட்டு மெழுகி, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத மாதிரி வைத்திருந்தார். அதற்கு வண்டிப் பாதையும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நானே போய்க் கேட்டேன். அவர் என்னிடம் பிரியமாக இருப்பவர். அவர் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தது நான்தான். ஆனால் ஜீப்பைக் களத்தில் ஏற்ற வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது.

"அம்மணி, திங்கற தவசம் கொட்டற எடம். நாங்களே செருப்பக் கழட்டிட்டுத்தான் கால் வைக்கறோம். உங்க வண்டி எங்கெங்க மிதிச்சுட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"ஒரு தடவைங்க. அளவு பாத்துட்டு உடனே எடுத்துருவோம்."

களத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்படீன்னா அதோட காலையும் கழுவிட்டு ஏத்துங்க."

டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாரி ஓட்டிய மனிதர், ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து நாலு சக்கரத்தையும் தேய்த்துக் கழுவினார். கழுவிய சக்கரம் மண் பாதையில் உருண்டு மறுபடி சேறானது. களத்து விளிம்பில் வைத்து மறுபடி கழுவச் சொன்னார் களத்துக்காரர். மறுபடி ஊற்று, மறுபடி குடம். டிரைவர் ஒவ்வொரு குடத்துக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குக் காது குத்து, கோயில், குழந்தை என்று உள்ளே அடித்துக்கொண்டது. கழுவி முடித்த பிறகு அடுத்த சந்தேகம் வந்தது. எண்ணெய் சொட்டினால்? அதற்குக் களத்துக்காரரே வாழை மட்டை வெட்டி வந்து எஞ்சினுக்குக் கீழே தொட்டி மாதிரி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியோடு களத்தில் நின்றோம்.

டிரைவர் உடனே கம்பியில் கை வைத்தார். நான் தடுத்தேன். "இப்பத்தான் ஓடி வந்திருக்குது. எண்ணெய் எல்லாம் மேல ஒட்டிட்டு இருக்கும். கீழ எறங்கட்டும்."

"அப்படி எத்தன நேரமுங்க?"

களத்துக்காரர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அவர் அதைத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, போட்டு மென்று துப்பி வரும் வரைக்கும் காத்து நின்றோம். பிறகு டிரைவர் கம்பியை உருவித் துணியைத் தேடினார். எனக்குப் பொறுமை இல்லை. கம்பியைப் பிடுங்கி என் கையாலேயே வழித்துத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்தேன்.

மேல் கோட்டில் ஒன்றும் இல்லை. கீழ்க் கோட்டிலும் ஒன்றும் இல்லை. நுனியில் மட்டும் ஒரு கறுப்புச் சொட்டு, விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவரும் துடைத்துப் பார்த்தார். அதே சொட்டு. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"சரிண்ணா, எண்ணெய் ஊத்துங்க. கெளம்பலாம்."

"எண்ணெய் எங்கீங்க இருக்குது? புல்லா இருந்ததுனால வாங்கவே இல்லீங்களே."

எனக்கு உச்சிக்கு ஏறியது. சேந்தமங்கலத்துக் கடையில்தான் எண்ணெய் இருக்கிறதாம். அதை வாங்க வண்டி போக வேண்டும். வண்டி போக எண்ணெய் வேண்டும்.

"எறக்கம்தானே அண்ணா? மெதுவா உருட்டிட்டே போயிரலாமே."

"உருட்டறதா? இந்த பிரேக்க நம்பியா? கியர்ல புடிச்சுப் புடிச்சுத்தானுங்க எறக்கோணும். பாதில எஞ்சின் எறுகிப் போச்சுன்னா, இருக்கறது இந்த ஒரு வண்டி. நாளைக்கு ஒரு பிரசவ கேஸ் வந்தா என்னத்துல எறக்குவீங்க?"

"நேத்துவரைக்கும் ஓட்டுனீங்களே!"

"நேத்துத் தெரியாதுங்க. கண்ணுல பாத்துட்டு எப்படீங்க எடுக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்க்காமலே இருந்திருந்தால் அந்த நேரத்துக்குப் பாதி வளைவு தாண்டியிருப்போம். பார்க்கச் சொன்னவள் நான். சக்கரம் கழுவ வைத்தவள் நான். வெற்றிலை மென்று முடிகிறவரை காத்திருக்கச் சொன்னவளும் நான். ஆஸ்பத்திரியில் விளக்கெண்ணெய் ரெண்டு பாட்டில் இருக்கிறது, அதையாவது ஊற்றலாமா என்று கேட்டேன். எவ்வளவு தவித்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பேன்!

"எஞ்சினுக்குப் பேதி ஆயிருமுங்க" என்றார் டிரைவர். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. களத்துக்காரர் மட்டும் சிரித்தார்.

நடப்பது என்று முடிவானது. வண்டியை மூன்று பேருமாகக் களத்திலிருந்து தள்ளி, பாதைச் சரிவில் கல் வைத்து நிறுத்தினோம். டிரைவர் எண்ணெய் வாங்க நடந்தார், நான் மகளைப் பார்க்க அவரோடு நடந்தேன். மகளுக்கென்று கட்டிவைத்த பழப்பையை ஜீப்பின் பின்சீட்டிலேயே விட்டுவிட்டேன். செங்குத்துப் பாதையில் சுமக்க முடியாது. இறங்க இறங்க முழங்கால் இரண்டும் கழன்று விழுவது போல் வலித்தது. காரவள்ளிக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கடைசி பஸ் போயிருந்தது. என்னால் அதற்குமேல் ஒரு அடி வைக்க முடியவில்லை. டிரைவரின் தங்கை வீடு அங்கேதான் இருந்தது, அங்கே படுத்தோம். காலையில் முதல் பஸ் வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்று தெரிந்தே படுத்திருந்தேன்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். அக்கா தூணோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் மகள். மொட்டைத் தலையில் சந்தனம். காதில் புதுக் கம்மல், அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. அழுது அழுது விக்கல் வந்துகொண்டிருந்தது.

"மாமன் மடில உக்காரவே மாட்டேன்னுட்டா. ஒரே கத்தல். கடைசீல எம் மடீல வெச்சுத்தான் குத்துனோம்" என்றாள் அக்கா. பிறகு என் கையைப் பார்த்தாள். "இதென்ன கை இது?"

வலது கை விரலிடுக்கெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை, வாடையும் போகவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன். "வா சாமி, மலையம்மா வந்துட்டேன் பாரு."

குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு பை இருக்கிறதா என்று என் இரண்டு கைகளையும் பார்த்தது. திரும்பி அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அம்மா, ஊட்டுக்குப் போலாம்."

என்னிடம் சொல்லவில்லை. பெரியம்மா என்றுகூடச் சொல்லவில்லை. அக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. "பெரியம்மான்னு சொல்லு கண்ணு" என்றாள் அவசரமாக. அவள் அப்படித் திருத்தியதுதான் எனக்கு இன்னும் வலித்தது. எத்தனையோ சனிக்கிழமை என் காலைக் கட்டிக்கொண்டு குதித்ததெல்லாம் அந்தப் பைக்குத்தானா என்று கோயில் என்றும் பாராமல் சத்தமாகக் கேட்டுவிட்டேன். மூன்று வயதுக் குழந்தையிடம் யார் பதில் கேட்பார்கள்?

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட்டேன், குழந்தையை மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று.

"அந்தக் குளிர்லயா? நீ டூட்டிக்குப் போனா யாரு பாத்துக்குவா?"

"ஆஸ்பத்திரி ஆயா இருக்குது. பாத்துக்கும்."

"காதாவது ஆறட்டும்."

"எங்கிட்ட மருந்து இருக்குது."

அக்கா குழந்தையின் சட்டைகளை மடித்து ஒவ்வொன்றாக டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அவள் வைத்த பக்குவத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

டிரைவர் ஞாயிற்றுக்கிழமையே எண்ணெய் டின்னைத் தோளில் வைத்து மலை ஏறி, ஊற்றி, திங்கட்கிழமை காலையில் ஜீப்பை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். சேந்தமங்கலத்தில் அக்காவின் தெரு பலகை போட்ட மாதிரிச் சமம். அங்கே நின்றது ஜீப். மருந்துப் பெட்டிகள் ஏறின. டிரங்குப் பெட்டி ஏறியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பழச் சீப்பு பின்சீட்டில் கறுத்துப்போய்க் கிடந்தது. அதில் ஒன்றை உரித்துக் கொடுத்தேன், தட்டிவிட்டது. ஜீப்பில் ஏறுவது விளையாட்டில்லை என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அக்கா பக்கம் கையை நீட்டி வீறிட்டது. அக்கா ஜீப்பை ஒட்டி நின்றாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"எடுங்கண்ணா" என்றேன்.

டிரைவர் இறங்கினார். முன்மூடியைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"எண்ணெய் பாத்துர்றேனுங்க. இங்கதான் சமதரை."

"ஒண்ணும் வேண்டாம், வண்டியை எடுங்க!"

"இப்பத்தானுங்க ஓடி வந்திருக்குது. கொஞ்ச நேரம் எறங்கட்டும். நீங்கதானுங்களே சொன்னீங்க."

கையில் சுத்தமான ஒரு துணியை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக அவர் காத்து நின்றார். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள், சமதரையில் வண்டியைத் தள்ளிக் கிளப்ப நாலு பையன்கள். என் மடியில் என் மகள் "அம்மா, அம்மா" என்று இன்னொருத்தியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை, கன்னத்தில் கண்ணீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காது குத்திய இடத்தில் மறுபடி ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. டிரைவர் அவசரமே படவில்லை. கம்பியை உருவினார். துடைத்தார். முழுக்க உள்ளே விட்டார். மெல்ல எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு எனக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக் காட்டினார்.

"புல்லுங்க நர்ஸம்மா. இந்தத் தடவ நெசமாவே புல்லு."

கிளம்ப ஒரு தடையும் இல்லை. அக்காவின் முந்தானையைப் பிடித்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.